நெல்லைச் சுற்றி நின்ற கோன்கள்

அன்பு மகனுக்கு,

கோபத்தில் இருந்தாலும் சலாம் சொல்லாமல் தொடங்க மனம் வரவில்லை. அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்தவன், பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நான் கேட்டது ஒரேயொரு கேள்விதான். "சிவநேசன் போன்ல கதைச்சிக்கிட்டு இடம் மாறி நிண்டான், அதாலதான் வான் அடிச்ச எண்டு கொம்பனிக்குச் சொன்னியாமே, மெய்யா மனே?" என்று கேட்டேன். "உம்மா, நீங்க சோத்த மட்டும் பாருங்க" என்றாய். அதற்குப் பிறகு எத்தனை தரம் கோல் எடுத்தும் நீ போனைத் தூக்கவில்லை. வாயால் பேசவிடாதவனுக்கு எழுதத்தானே வேண்டும். இதை ஒளித்து வைத்துப் படிக்க வேண்டாம். உன் பெண்சாதியும் படிக்கட்டும், அவளுடைய வாப்பாவும் படிக்கட்டும், உன்னோடு வேலை செய்கிறவர்களும் வேண்டுமானால் படிக்கட்டும். நடுறோட்டில் நடந்த விசயத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்க என்னால் ஏலாது.

திங்கட்கிழமை கொழும்பிலிருந்து கொம்பனியின் பெரியவர்கள் வந்து விசாரிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நீ முதலில் சொன்னதையே அன்றைக்கும் சொன்னால் பிழை முழுவதும் சிவநேசன் தலையில் விழும். இடுப்பெலும்பும் காலும் உடைந்து கட்டிலில் கிடக்கிற மனிதனுக்குக் கொம்பனி ஒரு உதவியும் செய்யாது. சுகமாகி எழும்பினாலும், சொன்ன இடத்தில் நிற்காதவன் என்ற பேரோடு யார் அவனை வேலைக்கு எடுப்பார்கள்? இதைத் தடுக்க ஏலுமானவன் நீ ஒருவன்தான். ஆகவே பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன், பொறுமையாகப் படி.

காரைதீவுச் சந்தியிலிருந்து சம்மாந்துறைப் பக்கம் போகும் றோட்டை அகலமாக்கும் கொந்தராத்தில் உனக்குச் சேஃப்டி ஒபிசர் வேலை கிடைத்தபோது, சாய்ந்தமருதில் நம் தெருவில் எனக்கு நடக்க இடம் போதவில்லை. கண்டவளுக்கெல்லாம் சொன்னேன். வேலையாட்களுக்குப் பகல் சோறு கொடுக்க ஆள் தேடியபோது என் பெயரைச் சொன்னதும் நீதான். அன்றிலிருந்து சோத்துப் பார்சலை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்த றோட்டுக்கு வருகிறேன். யார் எங்கே நிற்பார்கள், யாருக்கு உறைப்புக் கூட வேண்டும், யார் சோற்றுக்கு ஊற்றத் தருகிற ஆணத்தைப் பிளாஸ்டிக் பையோடு உறிஞ்சிக் குடிப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வேலை தொடங்கும் முனையில், வாகனங்களை மறிக்கவும் விடவும், ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் பச்சையுமான பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் சிவநேசன், பக்கத்து வீரமுனையிலிருந்து வருகிற தமிழ் ஆள். மாட்டிறைச்சி ஆக்கும் நாளில் அவனுக்கு மட்டும் முட்டை பொரித்து வைத்து, பார்சலில் வெள்ளை நூல் சுற்றி அடையாளம் வைப்பேன். "என்ட பார்சலுக்குத்தான் தாலி கட்டியிருக்கு" என்று மற்றவர்களுக்குக் காட்டிச் சிரிப்பான்.

முதல் கிழமையில் நீ எனக்குச் செய்த வேலை ஞாபகம் இருக்கிறதா? அந்தச் செம்மஞ்சள் நிறக் கூம்புகள், நீங்கள் கோன் என்கிறீர்களே, அந்த வரிசைக்கு இடையால் நான் பார்சல் பையோடு உள்ளே வந்தேன். ரோலர் ஓடும் சத்தத்துக்கு மேலால் கத்திக்கொண்டு ஓடி வந்தாய். "உம்மா, அங்கேயே நில்லுங்க. கோனுக்கு உள்ளுக்க ஒரு அடி வைக்கப்படா. ஆரா இரிந்தாலும் படா." வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருக்க, உச்சி வெயிலில், கொதிக்கிற தாருக்குப் பக்கத்தில் பையைச் சுமந்துகொண்டு நின்றேன். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. பிறகு நீ என்னை நிழலுக்குக் கூட்டிப்போய் இருத்தி, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லித் தந்தாய். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி நிற்கிற கோன் பெரிய விசயம் இல்லை, அதற்கு வெகுதூரம் முன்னால், வெறும் றோட்டில் சும்மா நிற்பதுபோல் சாய்வாகப் போகிற வரிசைதான் ஆட்களின் உயிரைக் காப்பாற்றுகிறது என்றாய். வேகமாக வருகிறவனுக்கு யோசிக்க நேரம் கொடுப்பது அதுதான் என்றாய். ஓட்டோவில் திரும்பி வரும்போது என் ஆத்திரமெல்லாம் போய், பெற்ற தாய்க்கும் சட்டம் சொல்கிற பிள்ளையைப் பெற்றிருக்கிறேன் என்று பெருமையாக இருந்தது.

பிறகு உன் கல்யாணம். நம் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும், நீயும் உன் உடுப்புப் பெட்டியோடு சம்மாந்துறைக்குப் போனாய். அன்றைக்கு உன் கையைப் பிடித்து நான் சொன்ன புத்தி உனக்கு மறந்திருக்காது. "போற ஊட்ட வாய் காட்டாத மனே. மாமா ஒண்டு சொன்னா ஓம் எண்டு சொல்லிப் பழகு. அது அவகட ஊடு" என்றேன். எல்லா உம்மாமாரும் சொல்வதுதான், நானும் சொன்னேன். வீட்டுக்குள் என்ன கறி ஆக்குவது, எந்தப் பக்கம் சுவர் எழுப்புவது என்பதற்குச் சொன்ன புத்தி அது. அதை நீ றோட்டுக்கும் கொண்டு போவாய் என்று நான் நினைக்கவில்லை. இப்போது அந்தப் புத்தியை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். பிழையான இடத்தில் ஓம் சொல்லச் சொல்லி எந்த உம்மாவும் பிள்ளை வளர்ப்பதில்லை.

போன மாதம் அறுவடை தொடங்கியது. வெட்டு மெசின் ஒரு பகலில் வயலை வெட்டிக் கொட்டிவிட்டுப் போகிறது, நெல் ஈரமாகவே வந்து குவிகிறது, ஈர நெல்லை ஆலைக்காரன் ஏறெடுத்தும் பார்க்கிறான் இல்லை. காயப்போட இடம் வேண்டும். எந்தக் காலத்திலும் நம் ஆட்கள் றோட்டில்தான் படங்கு விரித்து நெல் காயப்போடுகிறார்கள், ஓரத்தில் கல்லையும் முறித்த கிளையையும் வைத்துக் காவல் செய்கிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை, வேறு எங்கே போவார்கள்? ஆனால் இந்த முறை அவர்களுக்குப் புதிய தார் போட்டு, வாகனம் ஓடாமல் மறித்து வைத்த ஒரு பக்க றோட்டுக் கிடைத்துவிட்டது. வழுவழு என்று, கறுப்பாக, அடுப்புச் சட்டிபோல் சூடாக. உன் பெண்சாதியின் வாப்பா, உன் மாமாதான், முதலில் படங்கு விரித்தார். அவரைப் பார்த்து மற்றவர்கள் விரித்தார்கள். கல் வைத்தால் யாருடைய டயராவது வெடிக்கும், கோன் வைத்தால் யாருக்கும் சேதமில்லை என்று உன்னிடம் கோன் கேட்டதும் அவர்தான். நீ கொடுத்தாய். எங்கிருந்து எடுத்துக் கொடுத்தாய்? வெறும் றோட்டில் சும்மா நிற்பதுபோல் நின்ற அந்த வரிசையிலிருந்து.

பார்சல் கொண்டு வந்த அன்றைக்கே நான் கண்டேன். கோன்கள் நெல்லைச் சுற்றி வட்டமாக நிற்கின்றன, முன்னால் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. "என்ன மனே இது?" என்று கேட்டேன். "ரெண்டு நாள் வெயில்தானே உம்மா. மாமா கேட்டா எப்பிடி இல்ல எண்டுற?" என்றாய். சம்பந்தி வீட்டு ஆட்கள் நெல்லைக் கிளறிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் புது மாப்பிள்ளையை உம்மாக்காரி ஏசினாள் என்று பேர் வரும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாது. உம்மாவுக்கு ஒரு சட்டம், மாமாவுக்கு ஒரு சட்டமா என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். சட்டிபானை தூக்குகிற உம்மாவை வெயிலில் நிறுத்தத் தெரிந்த உனக்கு, ஒரு ஆம்பிளையிடம் மாட்டேன் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை.

அடுத்த நாள் பகல் லுஹர் பாங்கு சொல்லி முடிந்த நேரம் நான் வந்துகொண்டிருந்தேன். முன்னால் வாகனங்கள் நின்றுவிட்டன. ஆட்கள் ஓடினார்கள். நானும் இறங்கி ஓடினேன். சிவநேசனை அப்போதுதான் தூக்கி லொறியில் ஏற்றினார்கள், அவன் பிடித்து நின்ற பலகை வாய்க்காலுக்குள் கிடந்தது. அவனை அடித்தது அம்பாறைப் பக்கமிருந்து கல்யாண ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த வான். வான்காரன் வேகமாகத்தான் வந்தான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் றோட்டு ஒரு பக்கம் மறித்திருப்பது அவனுக்குத் தெரிந்தபோது நிறுத்த நேரம் இருக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். உன் மாமாவின் நெல் ஒரு மணிகூடக் கலையாமல், அழகாக, கோன்களுக்கு நடுவில் காய்ந்துகொண்டிருந்தது.

பொலிஸ் வரும்போது கோன்கள் எல்லாம் பழைய இடத்தில் ஒழுங்காக நின்றன. அவை தாமாக நடந்து போகவில்லை மகன். இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நீ ஓடியதை நான் பார்த்தேன். சிவநேசனின் போன் வேலையாட்களின் கொட்டிலில் சார்ஜில் கிடந்ததையும் பார்த்தேன். அது அடித்துக்கொண்டே இருந்தது, நான்தான் எடுத்தேன். அவனுடைய பெண்சாதி. சாப்பிட்டாரா என்று கேட்க எடுத்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அப்படியிருக்க, போனில் கதைத்துக்கொண்டு நின்றான் என்று நீ சொன்னதைக் கேள்விப்பட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

அதற்குப் பிறகு இந்த ஊர் பேசிய பேச்சு இருக்கிறதே, கேட்கக் கேட்கப் பொறுமை போய்விடுகிறது. வான் யாருடையது, கல்யாணம் யாருடையது, மாப்பிள்ளை வீட்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்களா என்று கேட்டார்கள். றோட்டில் நின்றவன் யார் என்று கேட்டவர்கள் கொஞ்சப் பேர். "வீரமுனை ஆளாம்" என்றதும் அந்தக் கதை அங்கேயே முடிந்தது. நானும் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், மனதில் கைவைத்துப் பதில் சொல். அவன் சம்மாந்துறைப் பள்ளிவாசலில் உன் பக்கத்தில் தொழுகிறவனாக இருந்திருந்தால், அவன்மேல் பழி போட உன் வாய் இவ்வளவு லேசாகத் திறந்திருக்குமா? கொம்பனியும் ஒன்றும் திறம் இல்லை. கொழும்பிலிருந்து ஆள் வருகிற நாளில்தான் மினுங்குகிற சட்டையும் ஹெல்மட்டும் வெளியே வரும், மற்ற நாளில் அந்த ஹெல்மட்டில் வெங்காயம் வைத்திருப்பார்கள். இதையெல்லாம் சரிசெய்யத்தானே உனக்குச் சம்பளம்?

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டு போனேன். அதற்கு முந்தின நாள் மாட்டிறைச்சி. பழக்கத்தில் ஒரு பார்சலுக்கு நூல் சுற்றிக் கொண்டு வந்து, எடுக்க ஆளில்லாமல் அது பையிலேயே கிடந்தது. ஆஸ்பத்திரியில் சிவநேசன் விழித்துக்கொண்டுதான் கிடந்தான். ஏன் தம்பி உன் இடத்தை விட்டு அவ்வளவு தூரம் முன்னால் போனாய் என்று கேட்டேன். "முன்னுக்குக் கோன் ஒண்டும் இல்லயே அம்மா. பின்னுக்குப் பொடியனுகள் குனிஞ்சி வேல செய்யுறானுகள். வாகனம் நேரா வந்து அவனுகள்ள ஏறிடும் எண்டுதான் முன்னுக்குப் போய் நிண்டன்" என்றான். கோன் நிற்க வேண்டிய இடத்தில் அவன் போய் நின்றிருக்கிறான், மகன். அதைத்தான் நீ இடம் மாறி நின்றான் என்று சொல்லியிருக்கிறாய். அவனுடைய பெண்சாதி நான் நீட்டிய சாப்பாட்டுப் பையை வாங்கவில்லை. சத்தம் போடவும் இல்லை. "சாப்பாடு வேணாம் அம்மா. நடந்தத மட்டும் உங்கட மகனச் சொல்லச் சொல்லுங்க" என்றாள். அந்தப் பையோடு நான் திரும்பி வந்தேன். எத்தனையோ பேருக்குச் சோறு கொடுத்திருக்கிறேன், என் சோற்றை ஒருவரும் அப்படித் திருப்பித் தந்ததில்லை.

உன் வாப்பாவிடம் சொன்னால், "அவன்ட தொழிலக் கெடுத்துப் போடாத. அவன் இப்பதான் குடும்பமாகியிரிக்கான்" என்கிறார். நீயும் நேற்றுப் போகிற போக்கில் கதவடியில் நின்று சொன்னது அதுதான். "மாமாட பேரு வெளிய வந்தா நான் அந்த ஊட்ட எப்பிடி உம்மா இரிக்கிற?" உன் கஷ்டம் எனக்கு விளங்காமல் இல்லை. மாமனார் வீட்டில் இருந்துகொண்டு மாமனாரைக் காட்டிக் கொடுப்பது லேசான காரியமா? இரவெல்லாம் அதையே யோசித்தேன். யோசித்துவிட்டு, உன்னிடம் கேட்காமல் ஒரு வேலை செய்தேன். இன்று காலையில் ஓட்டோ பிடித்துச் சம்மாந்துறைக்குப் போனேன்.

நீ வேலைக்குப் போயிருந்தாய். உன் மாமா முற்றத்தில் மூட்டைகளுக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லத் தொடங்கியதும் அவருக்குக் கோபம் வந்தது. "என்ன தங்கச்சி, நெல்லுக் காயப் போட்டது குத்தமா? ஆகாயத்திலயா காயப் போடச் சொல்றீங்க?" என்று ஊசியைக் கீழே போட்டார். "நெல்லுக் குத்தமில்ல காக்கா. கோன் எங்கயிரிந்து வந்த எண்டு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கூடப்பிறந்த அண்ணனிடம் கேட்பதுபோல்தான் கேட்டேன். அவருக்குத் தெரியாது. வெறும் றோட்டில் வீணாக நிற்கிற கோன், அதை எடுத்தால் என்ன என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். அந்தக் கோன் எதற்காக அங்கே நிற்கிறது என்று நீ எனக்கு நிழலில் இருத்திச் சொல்லித் தந்தாயே, அதை நான் அவருக்குச் சொன்னேன். சிவநேசன் முன்னால் போய் நின்ற காரணத்தையும் சொன்னேன். உன் பெண்சாதி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அது ஆறிப் போய்விட்டது.

பிறகுதான் கேட்டார். "மருமகன் இத ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல? ஒரு சொல்லுச் சொல்லியிரிந்தா அந்த நிமிசமே நெல்ல அள்ளியிரிப்பனே. என்ன அவ்வளவு மோசமான மனிசன் எண்டா நினைச்சாரு?" அதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும். நீ பயந்தது அவருக்கு இல்லை மகன். அவர் முகம் ஒரு நேரம் சுருங்குமே, அதற்குப் பயந்தாய். அந்த ஒரு நேரத்தைத் தாங்க ஏலாமல் ஒரு மனிதனின் காலைக் கொடுத்துவிட்டாய். இப்போது அவனுடைய பேரையும் கொடுக்கப் பார்க்கிறாய். ஒரு அடியானுக்குச் சேர வேண்டிய ஹக்கைப் பறித்தால் அந்த அடியான் மன்னித்தால் தவிர அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்று நீ மதரசாவில் ஓதியதுதானே. நான் உனக்குப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

நான் எழும்பி வரும்போது உன் மாமா வாசல் கடப்புவரை வந்தார். "திங்கக்கிழம நானும் அங்க வருவன். கோன் கேட்டது நான்தான் எண்டு என்ட வாயால சொல்லுவன்" என்றார். அவர் சொன்னால் செய்கிற ஆள் என்று அவருடைய முகத்தைப் பார்த்தே விளங்கியது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டேன். "நீங்க கொஞ்சம் பிந்தி வாங்க காக்கா. அவன் முதல்ல கதைக்கட்டும்." அவர் ஓம் என்றார்.

அந்த இடைவெளியைத்தான் நான் உனக்காக வாங்கி வந்திருக்கிறேன். அவர் வந்து சொன்ன பிறகு நீ வாய் திறந்தால், அகப்பட்டவன் ஒத்துக்கொண்டான் என்று சொல்வார்கள். அவர் வருமுன் நீயாகச் சொன்னால் அது வேறு. உன் வேலை போகலாம். போனால் வீட்டுக்கு வா, சட்டி கழுவவும் பார்சல் கட்டவும் எனக்கு ஆள் தேவைதான். அதற்கு நான் வெட்கப்படமாட்டேன். கொம்பனியிடம் சொல்லிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. அந்தப் பெண் உன்னை ஏசினால் தலையைக் குனிந்துகொண்டு கேள். திருப்பிக் கதைக்காதே.

திங்கட்கிழமை வழமைபோல் சோறு கொண்டு வருவேன். அன்றைக்கும் மாட்டிறைச்சிதான். ஒரு பார்சலில் முட்டை வைத்து நூல் சுற்றியிருப்பேன், அதை நீதான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும். அவள் அதை வாங்கிக்கொண்டாளா, இல்லையா என்று மட்டும் எனக்குக் கோல் எடுத்துச் சொல். நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கமாட்டேன், அதிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

உனக்காக ஒவ்வொரு தொழுகை வக்திலும் துஆச் செய்கிற,
உன் உம்மா